புராஸ்டேட்டில் செரட்டோனினுக்கு என்ன வேலை?

அப்பாவின் பயாப்ஸி அறிக்கையில் இருந்த ஒரே ஒரு வரிக்காக மூன்று வாரமாகத் தூக்கத்தைத் தொலைத்திருக்கும் மகள் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் 8.6 வந்ததால், அந்தச் சுரப்பியில் 12 இடங்களில் ஊசி மூலம் திசு எடுத்திருக்கிறார்கள். நான்கு துண்டுகளில் புற்றுநோய்; புற்றுநோய்த் திசு நுண்ணோக்கியில் தெரியும் வடிவத்தை வைத்துப் போடும் க்ளீசன் மதிப்பெண் 3+4=7. எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன் இரண்டிலும் சுரப்பிக்கு வெளியே எதுவும் தென்படவில்லை. அறிக்கையின் அடியில், "சிதறலாகச் சில நியூரோஎண்டோகிரைன் செல்கள் காணப்படுகின்றன, குரோமோகிரானின் ஏ பாசிட்டிவ்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

அந்தச் சொல்லை இணையத்தில் தேடியவருக்கு முதலில் கிடைத்தது, "மிகக் கொடிய வகை" என்ற செய்தி. இந்தச் செல்களில் செரட்டோனின், கால்சிடோனின், சோமேட்டோஸ்டேட்டின் போன்ற ஹார்மோன்கள் இருக்கும் என்பதையும் படித்திருக்கிறார். கால்சிடோனின் தைராய்டில் சுரப்பதாயிற்றே, அப்படியானால் தைராய்டில் தொடங்கிய புற்றுநோய்தான் இங்கே வந்து இறங்கியிருக்கிறதா? செரட்டோனின் மூளையில் இருப்பதாயிற்றே, நான்கு ஆண்டுகளாக மனச்சோர்வுக்காக அப்பா சாப்பிடும் செர்ட்ராலின் மாத்திரை அதைக் கொண்டுவந்து புராஸ்டேட்டில் சேர்த்துவிட்டதா? இந்தப் பயத்தில் யாரையும் கேட்காமல் மகளே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். தாமாகவே ரத்தத்தில் குரோமோகிரானின் பரிசோதனையும் செய்து பார்த்ததில், இயல்பான அளவைப் போல மூன்று மடங்கு வந்திருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அப்பா தினமும் ஒமிப்ரசோல் எடுப்பதைக் கடிதத்தின் வேறொரு மூலையில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

ஒரு வாரமாக அப்பாவுக்குத் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல். மூளைக்குப் பரவிவிட்டதோ என்று மகள் நடுங்குகிறார். விதைகளை அகற்றும் அறுவையை உடனே செய்துவிடலாம் என்கிறார் அண்ணன். சோமேட்டோஸ்டேட்டின் ஊசி போடலாமா, உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்கிறார் மகள். அப்பாவுக்கோ தனக்குப் புற்றுநோய் என்பதே தெரியாது. "சின்னக் கட்டி, சரியாகிவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவுக்குச் செர்ட்ராலின் எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழைத்து, மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எந்த அளவில், எப்படித் திரும்பத் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும்.

ஏன் இந்த அவசரம் என்றால், உங்கள் கடிதத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தியது ஒரு வெள்ளிக்கிழமை. தலைசுற்றல் தொடங்கியது அடுத்து வந்த திங்கட்கிழமை. இரண்டையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வெவ்வேறு பக்கங்களில் எழுதியதால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை. இந்த வகை மாத்திரைகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், சில நாட்களுக்குள் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும். நீங்கள் விவரித்திருப்பது அநேகமாக அதுதான். புராஸ்டேட் புற்றுநோய் மூளைக்குப் போவது மிக அரிது. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் நோயில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் 68 வயதுக்காரரின் தலைசுற்றலைக் கடிதத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டேன். மருத்துவர் நேரில் பார்க்கட்டும். கை கால் பலவீனமோ, பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். "இருந்து என்ன பயன்" என்பதுபோன்ற பேச்சு அப்பாவின் வாயில் வந்தாலும் அதே அவசரம்தான்.

அந்த மாத்திரை புராஸ்டேட்டில் எந்தச் செல்லையும் உண்டாக்கவில்லை. உங்கள் அப்பா பிறந்த அன்றே அந்தச் செல்கள் அங்கே இருந்தன. உங்கள் அண்ணனுக்கும் இருக்கின்றன.

இந்தச் செல்கள் எங்கே இருக்கின்றன

நான் அறுவை செய்யும் மருத்துவர் அல்ல. திசுவை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் மருத்துவர். உங்களைப் பயமுறுத்திய அந்த வரியைப்போல எத்தனையோ வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். ஆகவே அது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

புராஸ்டேட் ஒரு நாளமுள்ள சுரப்பி. சிறு சிறு அறைகள். அந்த அறைகளிலிருந்து கிளம்பும் நாளங்கள். அவை எல்லாம் வந்து சேருமிடம் நடுவில் ஓடும் சிறுநீர்க்குழாய். அறைகளின் உட்சுவரில் மூன்று வகைச் செல்கள் உண்டு. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியையும் பி.எஸ்.ஏ.வையும் சுரக்கும் உயரமான செல்கள் முதல் வகை. அவற்றுக்கு அடியில் பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும் அடிச்செல்கள் இரண்டாவது. இவற்றுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக, நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத எண்ணிக்கையில் இருப்பவை நியூரோஎண்டோகிரைன் செல்கள். நரம்பின் குணமும் நாளமில்லாச் சுரப்பியின் குணமும் கலந்தவை என்று பொருள். நாளமுள்ள சுரப்பிக்குள்ளே குடியிருக்கும் நாளமில்லாச் செல்கள் இவை.

சாதாரணச் சாயத்தில் இவை கண்ணில் படாது. மெழுகில் பதித்த திசுவை நான்கு மைக்ரான் தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கி அதில் ஒரு பங்கு கனத்தில் சீவி, குரோமோகிரானின் என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன்மேல் இட்டு, பழுப்பு நிறம் ஏற்றுவோம். பிறகு பார்த்தால், நீலநிற உட்கருக்கள் வரிசை கட்டி நிற்கும் சுவரில் திடீரென்று ஒரு செல் மட்டும் காப்பித்தூள் நிறத்தில் தெரியும். சில செல்கள் அறையின் உட்புறம்வரை நீண்டு எட்டிப் பார்க்கும். சில அடிப்படலத்திலேயே தங்கி, பக்கத்துச் செல்களின் இடுக்குகளில் மெல்லிய வேர் விடுவதுபோல் கிளைகளை நீட்டியிருக்கும். அந்தக் கிளைகள்தான் இவற்றின் தொழிலைக் காட்டிக்கொடுக்கின்றன. ரத்தத்தில் கலந்து தொலைதூரம் போகும் ஹார்மோனை அல்ல, அண்டை அயலாருக்கு மட்டும் காதோடு காதாகச் சேதி சொல்லும் ஹார்மோனை இவை சுரக்கின்றன. பக்கத்துச் செல்களின் வளர்ச்சியையும் சுரப்பையும் கட்டுப்படுத்துவதற்காக என்று கருதப்படுகிறது.

சுரப்பி முழுக்க இவை சமமாகப் பரவியிருப்பதில்லை. சிறுநீர்க்குழாயின் புராஸ்டேட் பகுதியில், விந்து வந்து திறக்கும் துளைகளைத் தாங்கிய சின்ன மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டிலும் அதைச் சுற்றியுள்ள பெரிய நாளங்களிலும்தான் இவற்றின் நெரிசல் அதிகம். வெளிப்புறம் போகப்போக ஐதாகும். வயதான காலத்தில் வீங்கிப் பெருத்துவிட்ட முடிச்சுகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயதைப் பொறுத்த ஏற்ற இறக்கமும் உண்டு: பிறந்த குழந்தையின் புராஸ்டேட்டில் எல்லாப் பகுதியிலும் இருக்கும், பிறகு வெளிப்பகுதிகளில் மறைந்து, நடுப்பகுதியில் மட்டும் எஞ்சி, பருவ வயதில் மறுபடியும் தலைகாட்டும்.

ஆகவே சகோதரி, "நியூரோஎண்டோகிரைன் செல்கள் காணப்படுகின்றன" என்ற வாக்கியம் மட்டும் தனியாக ஒரு நோயின் பெயர் அல்ல. அந்தச் செல்கள் நல்ல சுரப்பி அறைகளில் இருந்தனவா, புற்றுநோய்ப் பகுதிக்குள் சிதறியிருந்தனவா என்பதுகூட அறிக்கையில் இல்லை. அதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புற்றுநோய்ப் பகுதிக்குள் இருந்தாலும், வழக்கமான புராஸ்டேட் புற்றுநோயில் இப்படிச் சிதறிய செல்களைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஹார்மோன் சிகிச்சை எதுவும் தொடங்காத ஒருவரிடம் அது சிகிச்சையை மாற்றுவதும் இல்லை. வழக்கமான புற்றுநோயில் இந்தச் சாயத்தை எல்லோருக்கும் போட வேண்டியதில்லை என்பதே சிறுநீரியல் நோயியல் மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம் சொல்லும் யோசனை. அறிக்கையை எழுதியவர் ஏன் போட்டார் என்பதற்கு அவரிடம் காரணம் இருக்கும். சில நேரங்களில் செல்லுக்குள் பளிச்சென்ற இளஞ்சிவப்புக் குருணைகள் தெரியும். குடலின் பானெத் செல்களை ஒத்திருப்பதால் அந்தப் பெயராலேயே அழைப்போம். அவற்றைப் பார்த்தால் உறுதி செய்துகொள்ளச் சாயம் போடுவது உண்டு. அந்தக் குருணைச் செல்கள் பார்வைக்குக் கரடுமுரடாக இருந்தாலும் பெரும்பாலும் சாதுவானவை.

பெயரை வைத்துப் பிறந்த ஊரைத் தீர்மானிக்க முடியாது

கால்சிடோனின் இருந்தால் தைராய்டிலிருந்து வந்தது, செரட்டோனின் இருந்தால் மூளையிலிருந்து வந்தது என்று நீங்கள் எடுத்த முடிவு நியாயமாகத் தோன்றக்கூடியதுதான். பாடப்புத்தகங்கள் அப்படித்தானே ஒவ்வொரு ஹார்மோனுக்கும் ஒரு சுரப்பியை ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான ஹார்மோன்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முகவரி, விஞ்ஞானிகள் அதை முதன்முதலில் எங்கே கண்டார்கள் என்பதுதான்.

செரட்டோனினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடலின் சுவரில் ஒரு பொருளைக் கண்டு, குடலுக்குரியது என்ற பொருளில் "என்டெராமின்" என்று பெயர் வைத்தார். 1948-இல் அமெரிக்காவில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் ரத்த நீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, "செரட்டோனின்" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. மூளையில் அதற்கு இருக்கும் பங்கு அதற்கும் அப்புறம் வந்த கதை. இன்றைக்கும் உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. (பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. வேதியியல் கணக்கில் செரட்டோனின் அதுகூட இல்லை, ஓர் அமின். பெப்டைடுகளோடு ஒரே செல்லில் சேர்ந்து இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் சொல்லிவிடுகிறோம்.)

கால்சிடோனினை 1962-இல் அறிவித்தபோது, கண்டுபிடித்த ஹரால்ட் காப்பே அது பாராதைராய்டு சுரப்பியிலிருந்து வருவதாகத்தான் நினைத்தார். தைராய்டின் சி செல்களிலிருந்து வருகிறது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்கள் காட்டினார்கள். அந்த சி செல்களும் நியூரோஎண்டோகிரைன் செல்களே. அதாவது, தைராய்டுக்குள் இருக்கும் அந்தச் செல்லும் புராஸ்டேட்டில் இருக்கும் இந்தச் செல்லும் ஒரே தொழில் தெரிந்த இரண்டு பேர். ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அல்லர். 1973-இல் சோமேட்டோஸ்டேட்டின் கிடைத்தது செம்மறியாட்டின் ஹைப்போதலாமசில். இன்று கணையத்திலும் குடலிலும் அதைக் காண்கிறோம். பாம்பெசின் என்ற பெப்டைடு ஒரு தேரையின் தோலில் கிடைத்தது. அதன் உறவான பெப்டைடு புராஸ்டேட்டின் இந்தச் செல்களில் இருக்கிறது. உங்கள் தர்க்கப்படி பார்த்தால் புராஸ்டேட்டுக்கும் தேரைக்கும் சம்பந்தம் கற்பிக்க வேண்டி வரும்.

புராஸ்டேட்டில் இந்தச் செல்களில் மிகுதியாகக் கிடைப்பவை செரட்டோனினும் குரோமோகிரானினும். கால்சிடோனின், சோமேட்டோஸ்டேட்டின், பாம்பெசின் வகை, பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த பெப்டைடு ஆகியவை இவற்றில் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் இருக்கும். ஒரே செல்லில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு.

செல்களைத் தவிர இன்னோர் இருப்பிடமும் உண்டு. சுரப்பி அறைகளுக்கு இடையே தசையும் இணைப்புத்திசுவுமாக இருக்கும் பகுதியில் மெல்லிய நரம்பிழைகள் ஓடுகின்றன. அவற்றின் முனைகளிலும் பெப்டைடுகள் இருக்கின்றன. அறைகளின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் இழைகளில், பன்றியின் குடலில் 1970-இல் முதலில் கண்டறியப்பட்ட வி.ஐ.பி. என்ற பெப்டைடு. தசைநார்களுக்கு நடுவே ஓடும் இழைகளில், பன்றியின் மூளையில் கண்டறிந்து 1982-இல் அறிவிக்கப்பட்ட நியூரோபெப்டைடு ஒய். எங்கோ ஓர் ஆய்வுக் கட்டுரையில் "புராஸ்டேட்டில் இன்ன பெப்டைடு இருக்கிறது" என்று படித்தால், செல்லிலா, நரம்பிலா, சுரந்த திரவத்திலா என்று கேட்காமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. ரிலாக்சின் என்ற ஹார்மோனைப் பிரசவத்தோடு சேர்த்துத்தான் எல்லோரும் அறிவார்கள். ஆண்களின் விந்துத் திரவத்திலும் அது இருக்கிறது. அங்கே அதைச் சுரப்பது புராஸ்டேட்.

எனவே தைராய்டைத் தேடிப் போக வேண்டாம். அப்பாவின் கழுத்தில் கட்டியோ வேறு தொந்தரவோ இருந்தால் அது தனி விஷயம்.

ரத்தத்தில் மூன்று மடங்கு

இந்த முடிவுதான் உங்களை நிலைகுலைய வைத்திருக்கிறது. அதற்கான விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒமிப்ரசோல்.

அந்த மாத்திரை இரைப்பையின் அமிலத்தைக் குறைக்கிறது. அமிலம் குறைந்ததை உணர்ந்த இரைப்பை, அதை ஈடுகட்ட காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. காஸ்ட்ரின், இரைப்பைச் சுவரில் உள்ள நியூரோஎண்டோகிரைன் செல்களைத் தூண்டுகிறது. அந்தச் செல்கள் குரோமோகிரானினை ரத்தத்தில் விடுகின்றன. ஆறு ஆண்டுகளாகத் தினமும் இது நடந்தால் மூன்று மடங்கு என்ன, அதற்கு மேலும் ஏறும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும், இரைப்பையின் உட்சுவர் தேய்ந்துபோனவர்களுக்கும் இதே ஏற்றம் வரும். ரத்தப் பரிசோதனை எல்லா உறுப்புகளிலிருந்தும் வந்த குரோமோகிரானினையும் ஒன்றாகக் கூட்டித்தான் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லாது. அப்பாவின் சுரப்பியில் சிதறிக் கிடக்கும் சில செல்களால் இந்த எண்ணை இவ்வளவு உயர்த்த முடியாது.

அப்பாவின் நிலையில் இந்தப் பரிசோதனை தேவையே இல்லை. மருத்துவர் விரும்பினால், அமில மாத்திரையைக் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பச் செய்யலாம். ஆனால் இதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென விட்டால் அமிலம் முன்னைவிடச் சீறி எழும். எதற்காக அந்த மாத்திரை தொடங்கப்பட்டது, இன்னும் தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே ஆண்டுக்கணக்கில் தொடரும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று.

இதே சொல் கனமாகும் இடம்

இணையத்தில் நீங்கள் படித்த கொடிய வகை பொய் அல்ல. அது வேறொன்று. சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் புற்றுநோய் என்பது அதன் பெயர். அங்கே சிதறிய சில செல்கள் கிடையாது. நெருக்கியடித்து, உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் என்பதே கண்ணுக்குத் தெரியாதபடி கருத்த உட்கருக்களின் கூட்டமாக இருக்கும். குரோமோகிரானின் சாயம் போடாமல், சாதாரணச் சாயத்திலேயே எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே இந்த உருவில் வருவது நூற்றில் ஒன்று இரண்டுக்கு மேல் போகாது. பெரும்பாலும், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சையை நீண்ட காலம் எடுத்து, அதற்கும் கட்டுப்படாமல் பரவிய நோயில்தான் உருவாகும். அப்படிப்பட்ட நோயாளிகளிடம் மறுபடியும் திசு எடுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், சுமார் 17 சதவீதத்தினரிடம் இந்த மாற்றம் இருந்தது. பி.எஸ்.ஏ. குறைவாகவே இருக்க நோய் மட்டும் வளர்வது, கல்லீரலுக்குப் பரவுவது, எலும்பை அரித்துக் கரைப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். சிகிச்சையும் வேறு: பிளாட்டினம் மருந்தும் எட்டோபோசைடும் சேர்ந்த கீமோதெரபி.

உங்கள் அப்பாவின் அறிக்கையில் 3+4 என்று சாதாரணப் புற்றுநோயின் மதிப்பெண் இருக்கிறது. சிறுசெல் வகைக்கு க்ளீசன் மதிப்பெண்ணே போட மாட்டோம். பி.எஸ்.ஏ. 8.6 என்பதும் செல்கள் தம் பழைய தொழிலை மறக்கவில்லை என்பதையே காட்டுகிறது. சோமேட்டோஸ்டேட்டின் ஊசிக்கும், அதற்கான சிறப்பு பெட் ஸ்கேனுக்கும் இங்கே வேலை இல்லை.

அண்ணன் சொல்லும் அறுவை

அண்ணனின் பதற்றம் புரிகிறது; எதையாவது உடனே செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் விதைகளை அகற்றுவது திரும்பப் பெற முடியாத முடிவு. அது பரவிய நோய்க்கான வழிகளில் ஒன்று. சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் நோய்க்கு அதை மட்டும் செய்வது சரியான சிகிச்சை ஆகாது. அதோடு, உங்களைப் பயமுறுத்தும் அந்த நியூரோஎண்டோகிரைன் செல்களில் ஆண் ஹார்மோனுக்கான ஏற்பி இல்லை. ஹார்மோனை நிறுத்துவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அப்பாவுக்கோ எலும்பு மெலியும், தசை குறையும், உடம்பில் திடீர் வெப்பம் ஏறும், மனச்சோர்வு கூடும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவருக்கு இந்தக் கடைசி விஷயம் சிறியதல்ல. பிற்பாடு கதிர்வீச்சோடு சேர்த்துச் சில மாதம் ஹார்மோன் மருந்து தரலாம் என்று மருத்துவர் சொன்னால், இந்த மனச்சோர்வு வரலாற்றை நீங்களே நினைவுபடுத்துங்கள்.

உண்மையான வழிகள் மூன்று: சுரப்பியை அகற்றும் அறுவை, கதிர்வீச்சு, சில தகுதிகள் பொருந்தினால் உடனே எதுவும் செய்யாமல் நெருங்கிக் கண்காணிப்பது. நான்கு துண்டுகளில் நோய் எவ்வளவு நீளம், அதில் 4 என்ற வடிவம் எத்தனை சதவீதம், எம்.ஆர்.ஐ.யில் சுரப்பியின் உறை எப்படி இருக்கிறது, அப்பாவின் இதயம், நுரையீரல் எப்படி என்பதையெல்லாம் வைத்துத்தான் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். சிறுநீரியல் அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவரையும் பாருங்கள். ஒருவரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இது சில நாட்களில் முடிவெடுத்தாக வேண்டிய நோய் அல்ல. சில வாரங்கள் எடுத்துக்கொண்டு யோசிக்க இடம் இருக்கிறது.

உங்கள் மனம் இன்னும் அடங்கவில்லை என்றால், இன்னொரு நோயியல் மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகம் பாதுகாத்து வைத்திருக்கும். அப்பாவின் கையெழுத்தோடு எழுதிக் கேட்டால் இரண்டாம் கருத்துக்காகத் தருவார்கள். அறிக்கையின் நகலை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். கண்ணால் பார்க்காமல் சொல்லும் எந்தக் கருத்துக்கும், இந்தக் கடிதத்தில் நான் சொல்பவை உட்பட, ஓர் எல்லை உண்டு.

அப்பாவிடம் சொல்வது

மேலே "அப்பாவின் கையெழுத்தோடு" என்று எழுதியபோது நீங்கள் ஒரு கணம் தயங்கியிருப்பீர்கள். அந்த மூன்று வழிகளில் எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்க முடியாது. அறுவைக்குப் பின் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், தாம்பத்தியம் பாதிக்கப்படலாம், கதிர்வீச்சில் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொந்தரவு வரலாம். எதைப் பொறுத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்பதை அவர் வாழப்போகும் உடம்புக்காக நீங்களும் அண்ணனும் எப்படித் தீர்மானிப்பீர்கள்? தன் நோயைத் தெரிந்துகொள்வது அவர் உரிமை. அன்பினால்தான் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதையும், தன் மாத்திரைப் பெட்டியில் ஒரு மாத்திரை காணாமல் போனதையும் 68 வயது மனிதர் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

மனச்சோர்வு இருப்பவருக்குச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். சொல்லலாம். மாத்திரை திரும்பத் தொடங்கி, தூக்கமும் தலைசுற்றலும் சீரான பிறகு, அவருடைய மனநல மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். முதலில், தமக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். பிறகு உள்ளதைச் சொல்லுங்கள்: புற்றுநோய் இருக்கிறது, சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்யக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. மூன்றும் உண்மை. மாத்திரையை நிறுத்தியது நீங்கள்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அறிக்கை எழுதிய மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. அந்தச் செல்கள் நல்ல பகுதியிலா, புற்றுநோய்ப் பகுதியிலா? குருணைச் செல்களா? சிறுசெல் உருவம் எங்கேயாவது உண்டா? "இல்லை" என்றால் அதை அறிக்கையிலேயே ஒரு வரியாகச் சேர்த்து எழுதித் தர முடியுமா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் உங்களுக்கு இந்த மூன்று வாரம் இப்படிப் போயிருக்காது. நோயியல் மருத்துவர்களாகிய நாங்கள், எங்கள் அறிக்கையைச் சக மருத்துவர் மட்டுமே படிப்பார் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறோம். இன்று முதலில் படிப்பவர் மகளாக இருக்கிறார். இது எங்கள் பக்கத்துக் குறை. நான் எழுதும் அறிக்கைகளில் அதை மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன்.

"அந்தச் செல்லை எங்கள் கண்ணால் பார்க்க முடியுமா?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படியான நுண்ணோக்கிகள் பல ஆய்வகங்களில் உண்டு. அறிக்கையின் மேலே இருக்கும் பயாப்ஸி எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே நேரம் கேளுங்கள். குரோமோகிரானின் ஸ்லைடை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் அப்பாவிடம் சொல்லியிருந்தால், அவரையும் அழைத்துப் போங்கள்.